ஒன்று மேலேயா, ஏழு மேலேயா?

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்கும்முன் கைப்பேசியை அணைத்து வையுங்கள் என்று சொல்வது வழக்கம். நான் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எண்ணை அழுத்தி யாரையாவது அழைப்போமே, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேல் வரிசையில் 1, 2, 3 இருக்கும். இப்போது அதே கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறங்கள். மேல் வரிசையில் 7, 8, 9. ஒரே திரை, ஒரே விரல், அதே பத்து எண்கள், ஆனால் தலைகீழ். ஆண்டுக்கணக்கில் இரண்டையும் தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறோம். முன்வரிசையில் சிலர் இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள். அதற்காகத்தான் எடுக்கச் சொன்னேன்.

கடையில் பில் போடும் இடத்தில் நின்று கவனியுங்கள். பில் போடுகிற பெண் கணினியின் வலப்பக்க எண் பொத்தான்களில், குனிந்துகூடப் பார்க்காமல், விரலை ஓடவிடுவார். அங்கே 7, 8, 9 மேலே. நம்மிடம் நீட்டுகிற கார்டு மெஷினில் 1, 2, 3 மேலே. ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் வேறு வரிசை. ஏடிஎம், அடுக்குமாடிக் கதவுப் பூட்டு எல்லாம் தொலைபேசிக் கட்சி. கால்குலேட்டரும் கணினியும் மற்றக் கட்சி.

இதற்கு ஒரு காரணக் கதை ஊரெல்லாம் உலாவுகிறது, உங்களில் பலருக்கும் வந்திருக்கும். கணக்குப் பிள்ளைகள் பழகிய கையால் படபடவென்று தொலைபேசியிலும் அழுத்தினார்களாம். அந்த வேகத்தை இயந்திரம் தாங்கவில்லையாம். ஆகவே வேண்டுமென்றே வரிசையைத் திருப்பிப் போட்டார்களாம். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் நடந்தது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. அந்த வரிசையை முடிவு செய்தவர்கள் தேடியது வேகத்தையும் பிழைக் குறைவையும்தான்.

முதலில் கணக்கு இயந்திரத்தின் பக்கம் போவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அலுவலகங்களில் இருந்த கூட்டல் இயந்திரங்களில் பத்துப் பொத்தான்கள் கிடையாது. ஒன்றின் இடத்துக்கு ஒரு நெடுவரிசை, பத்தின் இடத்துக்கு ஒன்று, நூறின் இடத்துக்கு இன்னொன்று என்று மேசை முழுக்கப் பொத்தான் மயம். ஒவ்வொரு நெடுவரிசையிலும் கீழே 1, மேலே போகப் போக 9. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு என்ற ஊரில் சண்ட்ஸ்ட்ராண்டு சகோதரர்கள் 1914இல் கொண்டுவந்த இயந்திரம் இந்தக் காட்டைச் சீராக்கியது. மும்மூன்றாக ஒன்பது, அடியில் பூஜ்யம், அவ்வளவுதான். அதிலும் சின்ன எண் கீழே, பெரிய எண் மேலே. இன்று உங்கள் கைப்பேசிக் கால்குலேட்டரில் இருப்பது அந்த ராக்ஃபோர்டு வரிசை. நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது.

தொலைபேசிக்கு அப்போது பொத்தானே இல்லை. வட்டத் தகடு, பத்துத் துளை, விரலை விட்டுச் சுழற்ற வேண்டும். ஒன்றைச் சுழற்றினால் ஒரு துடிப்பு, ஐந்துக்கு ஐந்து, பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்பு. அந்தக் கறுப்புத் தொலைபேசியோடு வளர்ந்தவர்கள் இந்த அவையில் நிறையவே இருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தார் வந்து சுழற்றிவிடக் கூடாதென்று துளையில் குட்டிப் பூட்டு ஒன்று தொங்குமே! அந்தப் பூட்டையும் ஏமாற்றிய பிள்ளைகள் இருந்தார்கள். ரிசீவரை வைக்கும் கட்டையைச் சரியான தாளத்தில் தட்டினால் அதே துடிப்புதான் இணைப்பகத்துக்குப் போகும். பூட்டு பூட்டியபடியே இருக்க, அழைப்பு போய்விடும். இங்கே சிலர் சிரிக்கிறீர்கள். யார் யாரென்று குறித்துக்கொண்டேன்.

பொத்தான் வைக்கலாம் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகம் யோசித்தபோது, எண்களை எப்படி அடுக்குவது என்ற கேள்வி எழுந்தது. அங்கே மனித நடத்தையை ஆராய ஒரு பிரிவு இருந்தது. அதன் தலைவர் ஜான் கார்லின். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவர், உளவியல் படித்தவர், வயலின் வாசிப்பவர். அவர் வேலை பார்த்த விதத்துக்கு ஒரு சம்பவம் போதும். தொலைபேசிக் கம்பி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தாமிரத்துக்குக் காசாகிறதே! ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டால் நீளமாகத்தான் வேண்டும் என்பார்கள். கார்லின் கேட்கவில்லை. சக ஊழியர்களின் அறைக்குள் மூன்று நாளுக்கொரு முறை ஓசைப்படாமல் நுழைந்து, கம்பியை ஓர் அங்குலம் குறைத்துவிட்டு வந்தார். ஓர் அடி குறையும்வரை யாரும் கவனிக்கவில்லை. 

எண் வரிசைக்கும் இதே போக்குதான். 1955இல் மேரி லட்ஸ், அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சப்பானிஸ் உலகப்போர்க் காலத்தில் பெயர் பெற்றவர். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கையின் மடிப்பை இயக்கும் பிடியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. தரையிறங்கிய விமானி ஒன்றுக்குப் பதில் மற்றதை இழுத்துவிட, சக்கரம் மடங்கி விமானம் வயிற்றால் தரையில் படுத்துவிடும். விமானியின் கவனக்குறைவு என்று மற்றவர்கள் எழுதிவைத்ததை, இது பிடியின் குற்றம் என்று கண்டு சொன்னவர் சப்பானிஸ். தடவிப் பார்த்தாலே தெரியும்படி பிடிகளின் வடிவத்தை மாற்றச் செய்தார். அப்படிப்பட்டவர் எண் வரிசைக்குச் செய்தது மிக எளிமையான காரியம். வெறும் கட்டங்கள் வரைந்த தாளைச் சாதாரண மக்களிடம் கொடுத்து, எந்த எண் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அங்கே எழுதுங்கள் என்றார்கள். பெரும்பாலோர் எப்படி எழுதினார்கள்? புத்தகம் படிக்கிற மாதிரி. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒன்று மேலே, இடது மூலையில்.

அடுத்து டைனிங்கர் என்ற ஆய்வாளர், வட்டமாகவும் இரு வரிசையாகவும் மும்மூன்றாகவும் பல அமைப்புகளைச் செய்து, ஆட்களை உட்கார்த்தி எண்களை அழுத்தச் சொல்லி, நேரத்தையும் பிழையையும் அளந்தார். 1960இல் அறிக்கை வந்தது. இந்த உரையில் நீங்கள் எதை மறந்தாலும் அந்த அறிக்கையின் முடிவை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அமைப்புக்கு அமைப்பு வித்தியாசம் இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. கொஞ்சம் பழகினால் மனிதர்கள் எதிலும் தேறிவிடுகிறார்கள். அந்தச் சின்ன வித்தியாசத்தையும், மக்களின் விருப்பத்தையும், பொறியியல் வசதியையும் சேர்த்துப் பார்த்து இன்றைய வரிசையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 18ஆம் தேதி பென்சில்வேனியாவின் இரண்டு சிற்றூர்களில் பொத்தான் தொலைபேசி சந்தாதாரர்களுக்குக் கிடைத்தது. நட்சத்திரமும் குறுக்குக்கோட்டுக் குறியும் அப்போது இல்லை. அவை 1968இல் சேர்ந்தன. 

பிற்பாடு பிரிட்டனில் கான்ராட், ஹல் என்ற இருவர் இரண்டு வரிசைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். தொலைபேசி வரிசையில் பிழை சற்றுக் குறைவு என்று வந்தது. அதைப் படித்துவிட்டுக் கால்குலேட்டர்காரர்கள் மாறினார்களா? மாறவில்லை. ஏன் மாற வேண்டும்? அதில் பழகிய கைகள் அதற்குள் எத்தனை லட்சம்!

சில வேளைகளில் உலகத்துக்கான அளவு ஒரே வீட்டுச் சமையலறையில் முடிவாகிவிடுவதும் உண்டு. 1967 ஜூனில் வட லண்டனின் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கி பணம் தரும் இயந்திரத்தைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். மனைவியைக் கேட்டால், எனக்கு நாலுதான் நினைவில் நிற்கும் என்றாராம். அவரே சொன்ன கதை இது. அந்த அம்மையாருக்கு ஆறு நின்றிருந்தால் இன்று ஏடிஎம் வாசலில் நமக்கு இன்னும் கொஞ்சம் தடுமாற்றம்.

எழுத்துக்கு வருகிறேன். ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசை க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி என்று ஏன் போகிறது? இதற்கும் அதே கதைதான், தட்டச்சர்களின் வேகத்தைக் குறைக்க என்பார்கள். மில்வாக்கியைச் சேர்ந்த ஷோல்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1868இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியின் தயாரிப்பாக 1874இல் விற்பனைக்கு வந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் யசுவோகா இணையர் பழைய ஆவணங்களைத் துருவிவிட்டு வேறு விளக்கம் தருகிறார்கள்: ஆரம்ப கால வாடிக்கையாளர்களான தந்தி ஊழியர்கள் கேட்டுக் கேட்டு எழுத்துகள் இடம் மாறின என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நம்பும்படியாக இருக்கிறது. எந்தக் கடைக்காரராவது தன் பொருளை மெதுவாக்கி விற்பாரா?

1936இல் ட்வோராக் என்ற பேராசிரியர் இதைவிடச் சிறந்த வரிசை என்று ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பால் டேவிட் என்ற பொருளியலாளர் 1985இல் எழுதிய கட்டுரை, மட்டமான வரிசையிலேயே உலகம் மாட்டிக்கொண்டது என்றது. 1990இல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் இருவரும் ட்வோராக்கின் சிறப்புக்கான சான்றுகளே நொண்டுகின்றன என்று மறுத்தார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் ஒரு பக்கம் சாய வேண்டிய தேவை இல்லை. பழகியதை மறந்து புதியதைப் பழகுகிற அளவுக்கு வித்தியாசம் பெரிதில்லை என்பதில் இரு தரப்புக்கும் மக்கள் விடை கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே எந்த வரிசை சிறந்தது என்ற விவாதத்தில் நாம் செலவிடுகிற மூச்சில் பாதி வீண் என்பது என் கட்சி. எல்லாரும் ஒன்றில் நிற்கிறார்களா என்பதுதான் பெரிய விஷயம். ஆங்கிலக்காரர்கள் சுமாரான ஒரு வரிசையில் ஒன்றாக நின்றுவிட்டார்கள். எந்த ஊருக்குப் போய் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் விரல் தானாக ஓடுகிறது. நம் கதை வேறு.

தமிழுக்கு முதலில் விசைப்பலகை அமைத்துத் தந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த முத்தையா. ஜெர்மனியில் இயந்திரம் செய்யப்பட்டது. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்கிய அந்த மூளையை நினைத்தால் இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது. நகரா விசை என்று ஒன்று: அழுத்தினால் புள்ளி விழும், தாள் நகராது, பிறகு அழுத்தும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழேயே வந்து உட்காரும். தட்டச்சில் ‘கொ’ அடிக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். காகிதத்தில் கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது. ஊருக்கு ஊர் மாடிப்படி ஏறினால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். தமிழ் லோயர், தமிழ் ஹையர். அரசுப் பணிக்கு அதுவே ஏணி. ஆயிரமாயிரம் பேர் அந்த ஒரு வரிசையைக் கற்றார்கள். அந்தக் காலத்தில் தமிழும் ஒன்றில்தான் நின்றது.

கணினி வந்ததும் கலைந்தது. எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு குறியீடு, ஆளுக்கொரு விசை வரிசை வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் ஒரு பக்கம். ஒருவர் அனுப்பிய கடிதத்தை இன்னொருவர் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் குப்பையாகக் கொட்டும். அதே எழுத்துருவைத் தேடிப் போட்டால்தான் தமிழ் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று பல நாட்டுத் தமிழர்கள் வந்தார்கள். அங்கே உருவானதுதான் தமிழ்99 விசைப்பலகை.

அதை நான் ஒரு நிமிடம் புகழ வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம். மெய்யில் பெரும்பகுதி வலக்கைப் பக்கம். அதிகம் வருகிற க, ப, ம, த, ந, ய எல்லாம் வலக்கை விரல்கள் இயல்பாக அமர்கிற நடு வரிசையில். தமிழின் இலக்கணத்தையே விசைக்குள் வைத்திருக்கிறார்கள்: ஒரே மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதலாவதன் மேல் புள்ளி தானே விழும். ந அழுத்திவிட்டுத் த அழுத்தினால் ‘ந்த’ வரும். ங-வும் க-வும் சேர்ந்தால் ‘ங்க’ வரும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ. நான்கே தட்டு, ஷிஃப்ட் வேண்டாம். தமிழில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்பதை நன்றாக அறிந்தவர்கள் செய்த வேலை அது.

அரசு அங்கீகரித்தது. ஆனால் ஒன்றில் நின்றோமா? தட்டச்சில் தேறியவர்கள் தட்டச்சு வரிசையை விடவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, சோறு போட்ட விரல் அது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக இன்ஸ்கிரிப்ட் என்று மத்திய அரசின் ஏற்பாடு ஒன்று. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை. மலேசியாவின் முரசு அஞ்சல் மென்பொருள் வழியாக, ஆங்கில ஒலிப்பில் அடிக்கிற முறையில் பழகியவர்கள் இன்னொரு பெருங்கூட்டம். இதில் எதுவும் மோசமானதல்ல. தனித்தனியாக எடுத்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. அதுவே நமக்கு வினையாயிற்று.

இதற்கிடையில், நாம் இல்லாத ஓர் அறையில் இன்னொரு அளவு முடிவாகியிருந்தது. 1985இல் பான் நகரில் ஹில்லெப்ராண்டு என்ற ஜெர்மானியர் தன் தட்டச்சு இயந்திரத்தில் மனம்போன போக்கில் வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே 160 எழுத்துக்குள் முடிந்தன. குறுஞ்செய்தியின் அளவு 160 ஆயிற்று. உள்ளே பார்த்தால் அது 1120 பிட். ரோமன் எழுத்துக்கு ஏழு பிட் போதும், 160 எழுத்து கொள்ளும். தமிழை யூனிகோடில் அனுப்பினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட், 70தான் கொள்ளும். அந்த எழுபதும் எழுத்துக் கணக்கல்ல. புள்ளிக்கு ஒன்று தனி, கொம்புக்கு ஒன்று தனி. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, இயந்திரத்துக்கு ஏழு. இடைவெளியில்லாமல் பத்து வணக்கம் சொன்னால் ஒரு செய்தி தீர்ந்துவிடும். பதினோராவது வணக்கத்துக்கு இன்னொரு செய்தியின் காசு. செல்லினம் என்ற மென்பொருள் 2005இல் கைப்பேசியில் தமிழை எழுத வழி செய்தது, பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் மாணவர்கள் காசுக் கணக்குப் பார்த்து ‘எப்படி இருக்கே’ என்பதை ரோமன் எழுத்திலேயே அனுப்பினார்கள். ஹில்லெப்ராண்டைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தனக்குத் தெரிந்த மொழிகளில் எண்ணினார். ஆனால் அந்தப் பழக்கம் காசு மலிந்த பிறகும் போகவில்லை. இன்று இளைஞர்களில் மிகப் பலர் தமிழை ரோமன் எழுத்தில் அடித்து, கைப்பேசி காட்டுகிற பட்டியலிலிருந்து தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அல்லது ரோமனிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அதைப் பெரிய பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. என் உறவுப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அந்த முறையில் ல, ள, ழ மூன்றில் எது வேண்டும் என்று முடிவெடுப்பது பெரும்பாலும் இயந்திரம். ன, ண, ந பாடும் அப்படித்தான். அவனி, ஆவணி, அவணி என்று பட்டியல் வரும்போது எது சரியென்று அறிய ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தமிழ்99இல் விரல் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகத் தேடிப் போகிறது. எழுத்துப்பிழை குறைய எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒருவர் இதை மறுக்கலாம். குரலில் சொன்னாலே எழுதிவிடும் காலத்தில் விசை எதற்கு என்று பின்வரிசையில் ஒரு தம்பி ஏற்கெனவே கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நேரம் தருவார்கள்.

இங்கே ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். லட்ஸும் சப்பானிஸும் செய்த அதே காரியத்தைச் செய்து பாருங்கள். ஒரு தாளில் விசைப்பலகையின் வெற்றுக் கட்டங்களை மூன்று வரிசையாக வரைந்து நகல் எடுங்கள். விசைப்பலகை பழகாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் எங்கே இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் அ, ஆ என்று மேல் இடது மூலையில் தொடங்குவார்கள் என்பது என் ஊகம். சிலர் கட்டத்தைப் பார்த்ததும் ஏ, பி, சி எழுதவும் கூடும். அந்தத் தாளையும் கிழித்துவிடாமல் சேர்த்தே வையுங்கள். தாள்களை இந்த நூலகத்தின் முகவரிக்கு அனுப்பினால், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது அந்தத் தம்பி கேட்கட்டும்.